சண்முகத்துக்கு, இடுப்பு டிஸ்க் விஷயமாக

அன்புள்ள சண்முகம்,

இங்கு அனைவரும் நலம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன். உன் கடிதங்களுக்குப் பதில் எழுதாமலிருந்ததற்குச் சோம்பல் காரணமன்று. உட்கார முடியவில்லை. இதைக்கூட அலமாரித் தட்டின்மேல் தாளை வைத்து நின்றபடியேதான் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்து நம் கணக்கு வாத்தியாரைப் போல முகம் சுளிக்காதே.

இடுப்பில் டிஸ்க், அதாவது முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் வட்டு, பிதுங்கிவிட்டது. மூட்டை எதையும் தூக்கவில்லை, தும்மினேன், அவ்வளவுதான். மாணிக்கத்திடம் மட்டும் சொல்லிவிடாதே. ஆயுள் முழுக்கச் சொல்லிக்காட்டுவான். மறுநாள் இடப்பக்கப் பிட்டத்தில் தொடங்கிய வலி, தொடையின் பின்புறமாக இறங்கி, கெண்டைக்கால் வழியே சுண்டுவிரல் வரை சுரீரென்று இழுத்தது. முதுகில் வலி இல்லாததால் காலில்தான் ஏதோ கோளாறு என்று எண்ணி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

மருத்துவர் என்னைப் படுக்க வைத்து, முழங்காலை மடக்காமல் இடக்காலை மெல்ல உயர்த்தினார். பாதி உயரம் போவதற்குள் அலறிவிட்டேன். பிறகு குதிகாலுக்கு மேலே சிறு சுத்தியலால் தட்டினார். வலப்பாதம் துள்ளியது, இடப்பாதம் எனக்கும் அதற்கும் உறவில்லாததுபோல் சும்மா கிடந்தது. எம்.ஆர்.ஐ. எடுப்பதற்கு முன்பே, ‘எல்5-எஸ்1’, அதாவது இடுப்பின் கடைசி முள்ளெலும்புக்கும் அதன் கீழுள்ள எலும்புக்கும் நடுவிலிருக்கும் டிஸ்க், என்று சொல்லிவிட்டார். படமும் அதையே காட்டியது.

அன்றிலிருந்து எனக்கு இதே படிப்புதான். முதுகெலும்பில் இருக்கும் 23 டிஸ்க்குகளில் ஒவ்வொன்றும் வெளியே கெட்டியான நார் வளையமும் உள்ளே கூழ் போன்ற பொருளுமாக அமைந்தது. வளர்ந்தவர்களின் டிஸ்க்குக்குள் ரத்தக் குழாய்கள் ஏறக்குறைய இல்லை. மேலும் கீழுமுள்ள எலும்புகளிலிருந்து கசிந்து வருவதே அதற்கு ஆகாரம். வயது ஏற ஏற வளையத்தில் விரிசல் விழுந்து, உள்ளிருப்பது பின்பக்கமாகப் பிதுங்கி, கால் நரம்பின் வேரில் போய் முட்டுகிறது. முட்டுவதால் மட்டும் இத்தனை வலி வருவதில்லை. அந்தக் கூழ் பட்ட நரம்பு அழற்சி கண்டு வீங்கிச் சிவந்து போவதும் சேர்ந்துதான் இரவில் நம்மைத் தூங்கவிடாமல் செய்கிறது.

என்னை வியக்க வைத்தது இதற்கடுத்த செய்தி. அதுவரை வளையத்துக்குள் அடைபட்டிருந்த அந்தப் பொருள் வெளியே வந்ததும், உடம்பு அதை அந்நியமாகக் கருதி, ரத்தத்திலிருந்து வரும் விழுங்கு அணுக்களை ஏவிச் சிறிது சிறிதாகத் தின்னத் தொடங்கிவிடுகிறது. ‘பெரிய பிதுக்கம்’ என்று அறிக்கையில் படித்துவிட்டு நான் கலங்கிப்போயிருந்தேன். ஆனால் வளையத்தை முற்றிலும் கிழித்துக்கொண்டு வெளிவந்து துண்டாகிப் போனவைதான் சிறிய வீக்கங்களைவிட அதிகமாகக் கரைகின்றனவாம். அறிக்கை எழுதுபவர்கள் இதையும் ஒரு வரி சேர்த்தால் எத்தனை பேர் நிம்மதியாகத் தூங்குவார்கள்!

படுத்தே கிடக்க வேண்டும் என்று அக்கா கட்டளையிட்டாள். 1999-இல் நெதர்லாந்தில் இதைச் சோதித்திருக்கிறார்கள்: கால்வலிக்காரர்களில் பாதிப் பேரை இரண்டு வாரம் படுக்க வைத்தும், மற்றவர்களை முடிந்தவரை நடமாட விட்டும் பார்த்ததில், 12 வாரங்களுக்குப் பின் இரு சாராரிலும் 87 சதவீதத்தினர் தேறியிருந்தார்கள். ஆகவே நடக்கிறேன்; பிசியோதெரபியும் செய்கிறேன். மாத்திரை வலியின் முனையை மழுக்குகிறது. நரம்பின் அருகே போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்குத் தாங்கும் என்கிறார்கள். அதை இன்னும் கையிருப்பில் வைத்திருக்கிறேன்.

அறுவை சிகிச்சையா, காத்திருப்பதா என்பதில்தான் மனம் ஊசலாடுகிறது. அதே நாட்டில் 283 பேரை வைத்து நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வை மருத்துவரே எடுத்துச் சொன்னார். விரைவில் அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி சீக்கிரம் விட்டது. ஆனால் ஓராண்டு முடிவில் இரு தரப்பிலும் 95 சதவீதத்தினர் குணமாகியிருந்தார்கள். காத்திருக்கச் சொல்லப்பட்டவர்களில் பத்துக்கு நால்வர் பொறுக்க முடியாமல் இடையில் அறுவை மேசைக்குப் போனதையும் அவர் மறைக்கவில்லை. நுண்ணோக்கி வழியே சிறு கீறல் போட்டு, பிதுங்கியதை மட்டும் எடுத்துவிடுவார்களாம். எனக்கு இப்போது இரவில் ஓரளவு தூக்கம் வருவதால் காத்திருக்கவே தீர்மானித்திருக்கிறேன். வலி திரும்பவும் ஏறினால் கத்தியை வெறுக்கும் கொள்கை எதுவும் எனக்கில்லை.

இனி உன் சங்கதி. மூன்று இடங்களில் டிஸ்க் வீங்கியிருப்பதாக அறிக்கை வந்ததும் உயில் எழுதும் அளவுக்குப் போய்விட்டாயே! 1994-இல் முதுகுவலியே இல்லாத 98 பேரைப் படம் எடுத்தபோது, 52 சதவீதத்தினருக்கு ஒரு டிஸ்க்காவது வீங்கியிருந்தது. நம் வயதில் நரை இருப்பதைப் போலத்தான் அதுவும். அதற்காக நீ கலங்க வேண்டியதில்லை.

ஆனால் சண்முகம், அதே கடிதத்தின் ஓரத்தில் நீ வேடிக்கையாக எழுதியிருந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். வலக்காலில் செருப்பு தானாகக் கழல்கிறது என்றும், படியேறும்போது விரல் நுனி இடறுகிறது என்றும் எழுதியிருந்தாய். இப்போதே எழுந்து, முன்பாதத்தைத் தூக்கிக்கொண்டு குதிகால்களால் நான்கடி நடந்து பார். வலப்பாதம் தூக்காமல் தொங்கினால், அது காத்திருக்கும் விஷயமே அன்று. நரம்பு வலுவிழக்கிறது என்று பொருள். வலி இல்லை என்பதால் சும்மா இருந்துவிடாதே. சர்க்கரை இருக்கும் உனக்குக் காரணம் வேறாகவும் இருக்கலாம், ஆனால் அதைப் பரிசோதித்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். சிறுநீர் பிரியாமல் அடைத்துக்கொண்டாலோ, இரு தொடைகளுக்கும் நடுவில், நாம் உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, இரவு எத்தனை மணியானாலும் அவசர சிகிச்சைக்குப் போய்விடு. அங்கே தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நிரந்தர ஊனத்தில் கொண்டுபோய் விடலாம்.

மருத்துவரிடம் போனதும் எம்.ஆர்.ஐ. உறையை நீட்டுவதற்கு முன் செருப்பைப் பற்றிச் சொல். கடிதம் எழுதிக்கொண்டிராதே, நடந்து பார்த்தவுடன் தொலைபேசியில் கூப்பிடு.

அன்புடன்,
விசுவம்