கேக் வெட்டிய நேரத்தில் பிரேக்கைக் காட்டியிருக்கலாம்: கார் ஷோரூம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் கார் ஷோரூம் நடத்தும் முதலாளிகளுக்கும், அங்கே டெலிவரிப் பொறுப்பில் இருக்கும் மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் திருச்சிக்காரன். ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தில் ஒரு பகுதியைப் போட்டு, போன ஆவணியில் புது கார் எடுத்தேன். எந்தக் கம்பெனி, எந்த ஷோரூம் என்று எழுதப்போவதில்லை. என்னைப் போலச் சமீபத்தில் வண்டி எடுத்த ஏழெட்டுப் பேரிடம் கேட்டுப் பார்த்தேன். கம்பெனிதான் வேறு, கதை ஒன்றுதான்.

டெலிவரி எடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும் என்பதால் ஒன்பதுக்கே குடும்பத்தோடு வந்துவிட்டோம். வண்டியின் மேல் சிவப்புத் துணி போர்த்தி வைத்திருந்தீர்கள். பேத்தியின் கையில் கத்தரிக்கோல் கொடுத்து ரிப்பன் வெட்டச் சொன்னீர்கள். கேக் வந்தது, காகிதப்பூ வெடித்தது. என் உயரத்தில் பாதி இருக்கும் அட்டைச் சாவியை என் மனைவியும் நானும் பிடித்துக்கொண்டு நிற்கப் படம் எடுத்தீர்கள். நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் நீங்களே வைத்திருந்தீர்கள். உண்மையாகவே மனசு நிறைந்துதான் இருந்தது. அதில் குறை சொல்ல நான் வரவில்லை.

பிறகு இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதுப் பையன் ஒருவன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வண்டியை 'விளக்கினான்'. என் போனை ப்ளூடூத்தில் இணைத்தான். 'ஓப்பன் சன்ரூஃப்' என்று சொல்லச் சொன்னான். கூரை திறந்தது, பேத்தி கைதட்டினாள். ஏசி, பாட்டு, ரிவர்ஸ் கேமரா. மொத்தம் பன்னிரண்டு நிமிஷம். கடைசியில் ஒரு தாளை நீட்டினான். முப்பதுக்கும் மேற்பட்ட வரிகள், ஒவ்வொன்றின் எதிரிலும் ஏற்கெனவே டிக் அடித்திருந்தது. ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் பிரேக் ஏற்பாடு) விளக்கப்பட்டது, ஏர்பேக் விளக்கப்பட்டது, எச்சரிக்கை விளக்குகள் விளக்கப்பட்டன. மணி பத்து இருபது. கையெழுத்துப் போட்டேன். படிக்காமல் போட்டது என் தப்பு. விளக்காமல் டிக் அடித்தது யார் தப்பு என்று நீங்களே சொல்லுங்கள்.

அந்தத் தாளில் முதல் வரியாக இருந்த ஏபிஎஸ்ஸை இருபது நாள் கழித்துப் பாடாலூர் பக்கத்தில் தெரிந்துகொண்டேன்.

சென்னை போகும் நாற்கரச் சாலை. வேகம் எண்பதுக்குக் கொஞ்சம் மேல். நடுத்தடுப்பில் இருந்த இடைவெளி வழியாக ஒரு எக்ஸ்எல் வண்டி, பின்னால் ரெண்டு தீவன மூட்டையோடு, சாவகாசமாகக் குறுக்கே வந்தது. பிரேக்கை ஓங்கி மிதித்தேன். காலுக்கு அடியில் பெடல் தடதடவென்று உதைத்தது. எங்கோ இரும்பை அரைப்பது போலக் 'கர்ர்'ரென்று சத்தம். 'பிரேக் போச்சு' என்று நினைத்துக் காலை எடுத்துவிட்டேன். அரை நொடி இருக்கும். மறுபடி மிதித்தேன். எக்ஸ்எல்காரர் கடந்துவிட்டார், எனக்கும் அவருக்கும் இடையில் ஒரு முழம் இருந்திருக்கலாம். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பெரம்பலூரில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் வண்டியைத் தொடவே இல்லை. "சார், அது ஏபிஎஸ் வேலை செய்யுற சத்தம். அப்படித்தான் உதைக்கும். காலை எடுக்கக் கூடாது" என்றார். டீ குடித்துக்கொண்டே சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தை உங்கள் பையன் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

நான் ஓட்டக் கற்றது அப்பாவின் அம்பாசிடரில். "விட்டு விட்டு மிதிடா, ஒரேடியா அமுக்கினா சறுக்கிடும்" என்று அப்பா சொல்லிக் கொடுத்தார். அந்த வண்டிக்கு அது சரி. சக்கரம் பூட்டிக்கொண்டால் வண்டி சறுக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கேட்காது. அப்பா காலால் செய்ததைத்தான் இப்போது ஏபிஎஸ் நொடிக்குப் பல தடவை, ஒவ்வொரு சக்கரத்தின் சுழற்சியையும் அளந்து பார்த்து, தானே செய்கிறது. நாம் செய்ய வேண்டியது ஓங்கி மிதித்து, மிதித்தபடியே வைத்து, எங்கே போக வேண்டுமோ அங்கே திருப்புவது. ஜல்லியிலும் மணலிலும் நிற்கும் தூரம் கூடக்கூடும், ஆனால் ஸ்டியரிங் நம் பேச்சைக் கேட்கும். புது மாடல் கார்களுக்கு 2018 ஏப்ரலிலும், மற்றவற்றுக்கு 2019 ஏப்ரலிலும் ஏபிஎஸ் கட்டாயமாகிவிட்டது. ஆக இப்போது நீங்கள் விற்கும் ஒவ்வொரு காரிலும் அது இருக்கிறது. என் வயதில் இருப்பவர்களின் காலிலோ இன்னும் அம்பாசிடர் பழக்கம்தான் இருக்கிறது.

ஏர்பேக் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டெலிவரிக்கு முன்பே உங்கள் அக்சஸரீஸ் கவுன்ட்டரில் ஒரு தங்கை சிரித்த முகத்தோடு என்னிடம் முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல் வாங்கிவிட்டாள். டேஷ்போர்டுக்கு வெல்வெட் விரிப்பு. அதன்மேல் இரட்டைப் பக்கப் பசையோடு வரும் பிள்ளையார். சீட்டுக்கெல்லாம் தடித்த கவர். கம்பெனி மேட்டுக்கு மேலே போட இன்னொரு மேட். முன்னால் பம்பருக்கு இரும்புக் கம்பிகூடக் காட்டினாள். நல்லவேளை, பணம் தீர்ந்துபோயிருந்தது.

பிள்ளையாரை எங்கே ஒட்டினார்கள் தெரியுமா? இடது பக்கம், 'எஸ்ஆர்எஸ் ஏர்பேக்' என்று பிளாஸ்டிக்கில் அச்சு பதித்திருக்கும் மூடியின் மேல். வண்டி மோதினால் அந்த மூடி பிளந்து பை வெளியே வரும். ஒரு நொடியை முப்பது கூறாக்கினால் அதில் ஒரு கூறு நேரத்தில் பை உப்பிவிடும். அந்த வேகத்தில் பிள்ளையார் எங்கே போவார்? பக்கத்து சீட்டில் என் மனைவி. இப்போது பிள்ளையாரை நடுவில், ஏசி துவாரத்துக்கு மேலே, பையின் பாதையில் படாத இடத்துக்கு மாற்றிவிட்டோம். அவருக்கும் அங்கே காற்றோட்டமாக இருக்கும்.

பையின் பெயரில் இருக்கும் முதல் 'எஸ்' என்ன சொல்கிறது என்று உங்கள் விற்பனையாளர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 'சப்ளிமெண்டல்', அதாவது துணை. முதல் காவல் சீட் பெல்ட். பை அதற்கு எடுபிடி. பெல்ட் போடாதவர் பிரேக் அடித்ததுமே முன்னால் சரிந்துவிடுவார். பை வெடித்து விரியும்போது முகம் அதன் வாசலிலேயே இருக்கும். பெல்ட் போட்டவரும் மார்புக்கும் ஸ்டியரிங் நடுவுக்கும் 25 சென்டிமீட்டராவது விட்டு உட்கார வேண்டும். என் மனைவி மாதிரி உயரம் குறைந்தவர்கள் பெடல் எட்டவில்லை என்று ஸ்டியரிங்கை அணைத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். சீட்டை உயர்த்தும் நெம்புகோல் இடுக்கில் இருப்பதை யாரும் அவளுக்குக் காட்டவில்லை. முன்சீட்டில் மடியில் குழந்தையை வைத்துக்கொள்வதைப் பற்றி நான் எழுத வேண்டுமா? உங்கள் வாசலில் எடுத்த என் டெலிவரிப் படத்திலேயே பேத்தி அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாள். படம் எடுத்தது உங்கள் ஆள்.

சீட் கவருக்கு வேறு கதை. பக்கவாட்டுப் பை இருக்கும் வண்டியில் அது சீட்டின் ஓரத் தையலைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே வரும். அதன்மேல் தடிமனாக ஒரு கவரை இழுத்துத் தைத்தால் எப்படி வரும்? பின்சீட்டில் நீங்கள் போட்ட கவர் பெல்ட் மாட்டும் கொக்கிகளையே விழுங்கிவிட்டது. கையை விட்டுத் துழாவி, கவரில் பிளேடால் ஓட்டை போட்டு நான்தான் வெளியே எடுத்தேன். பம்பர் கம்பியைப் பொருத்தவே கூடாது என்று மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. நடந்து போகிறவருக்கு ஆபத்து என்பது ஒரு பக்கம். மோதலின் வேகத்தை வாங்கி நசுங்க வேண்டிய முன்பகுதியின் கணக்கையும், பை விரியும் நேரத்தின் கணக்கையும் அந்தக் கம்பி குழப்பிவிடும் என்பது இன்னொரு பக்கம்.

மேட் எல்லாம் ஒரு விஷயமா என்று கேட்பீர்கள். 2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் சான் டியேகோ பக்கத்தில், சர்வீசுக்கு விட்ட காருக்குப் பதிலாக ஷோரூம் இரவல் கொடுத்த, டொயோட்டாவின் லெக்சஸ் கார் ஒன்றில் வேறு மாடலுக்கான ரப்பர் மேட் கிடந்தது. ஆக்சிலரேட்டர் அதில் சிக்கிக்கொண்டது. வண்டி நிற்கவில்லை. உள்ளே இருந்த நான்கு பேரும் இறந்தார்கள். அதன்பின் மேட் காரணமாக மட்டும் சுமார் 38 லட்சம் வண்டிகளுக்கு டொயோட்டா எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. மேட்டுக்கு மேல் மேட் போடும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பின்சீட் பெல்ட்டை நம் ஊரில் அலங்காரமாகவே நினைக்கிறோம். 2022 செப்டம்பர் 4-ஆம் தேதி மகாராஷ்டிராவின் பால்கர் மாவட்டத்தில், சூர்யா ஆற்றுப் பாலத்தில் டாடா சன்ஸின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி இறந்த விபத்தில், பின்னால் இருந்த இருவரும் பெல்ட் போடவில்லை, இருவரும் இறந்தார்கள். முன்னால் இருந்த இருவர் பலத்த காயத்தோடு பிழைத்தார்கள். விலை உயர்ந்த, பைகள் நிறைந்த வண்டிதான் அது. அதே ஆண்டு நாடு முழுக்கச் சாலையில் இறந்த 1,68,491 பேரில் 16,715 பேர் சீட் பெல்ட் போடாதவர்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அதில் ஓட்டியவர்கள் 8,384, கூட வந்தவர்கள் 8,331. ஏறக்குறைய சரிபாதி. டெலிவரி அன்று ஓட்டுபவனை மட்டும் உட்கார வைத்து விளக்குகிறீர்களே, கூட வருகிறவர்களுக்கு யார் சொல்வது?

பெல்ட் போடாவிட்டால் கத்தும் மணியை ஏமாற்ற ஒரு கொக்கி விற்றார்களே, நினைவிருக்கிறதா? 2023-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணையக் கடைகளுக்கு உத்தரவு போட்டு 13,000-க்கும் மேற்பட்ட பக்கங்களை எடுக்க வைத்தது. 80-ஐத் தாண்டினால் விட்டு விட்டும், 120-ஐத் தாண்டினால் விடாமலும் கூவும் வேக எச்சரிக்கையை "எப்படித் தம்பி நிறுத்துறது?" என்று உங்கள் பையனிடம் கேட்டவன் நான். இப்போது சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

இன்னும் சில, சுருக்கமாக. நாலு முனைச் சந்திப்பில் 'நேராகப் போகிறேன்' என்று நான்கு இண்டிகேட்டரையும் போடும் வழக்கத்தை யார் கண்டுபிடித்தாரோ. அந்த விளக்கு நின்றுபோன வண்டிக்கானது. பக்கவாட்டில் இருப்பவருக்கு ஒரு விளக்குதான் தெரியும், நாம் திரும்பப்போகிறோம் என்றே நினைப்பார். ஐப்பசி மழையில் கண்ணாடி உள்ளே பனித்துப்போனபோது நான் ஒரு கையால் துண்டு வைத்துத் துடைத்துக்கொண்டே ஓட்டினேன்; ஏசியைப் போட்டு, காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்ப ஒரு பொத்தான் இருப்பது பிறகுதான் தெரிந்தது. தலையணை மாதிரி இருக்கும் ஹெட்ரெஸ்ட் தூங்குவதற்கு அல்ல, பின்னால் ஒருவர் மோதினால் கழுத்து பின்னுக்கு ஒடியாமல் தாங்குவதற்கு. அதன் உச்சி நம் தலையின் உச்சிக்கு வர வேண்டும். கண்ணாடியை உடைக்கத்தான் அதைக் கழற்றும்படி வைத்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வருவது கட்டுக்கதை. சன்ரூஃப் வழியாகக் குழந்தைகளை நிற்க வைத்து ஊர்வலம் போகிறார்களே, அதை முதலில் திறந்து காட்டியவர்கள் நீங்கள். தலையை நீட்டக்கூடாது என்றும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆட்டோமேடிக் கியர் விற்கிறீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் கொல்லிமலைக்குப் போய், எழுபது கொண்டை ஊசி வளைவையும் 'டி' (வழக்கமாக ஓட்டும் 'டிரைவ்') கியரிலேயே போட்டு பிரேக்கை மிதித்தபடியே இறங்கியிருக்கிறார். அடிவாரம் வரும்போது நாலு சக்கரத்திலும் தீய்ந்த வாசனை, பெடல் பஞ்சாகிவிட்டது. கியரைக் குறைத்துப் போட்டால் இஞ்சினே வண்டியைப் பிடித்து இறக்கும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவரும் டிக் அடித்த தாளில் கையெழுத்துப் போட்டவர்தான்.

கையேடு கொடுத்திருக்கிறோமே என்பீர்கள். கொடுத்தீர்கள். முந்நூறு பக்கத்துக்கு மேல், ஆங்கிலத்தில். கேட்பதெல்லாம் தமிழில் நாலு பக்கம். சிவப்பு விளக்கு எரிந்தால் ஓரம் கட்டு, மஞ்சள் எரிந்தால் விரைவில் காட்டு என்று தொடங்கி, டயர் காற்றழுத்தம் ஓட்டுநர் கதவின் தூணில் ஒட்டியிருக்கிறது என்பது வரை.

டெலிவரி நாளில் யாருக்கும் காது கேட்காது, ராகுகாலம், போட்டோ, சமயபுரம் போகிற அவசரம், எல்லாம் எனக்கும் தெரியும். அன்றைக்கு வேண்டாம். ஆயிரம் கிலோமீட்டரில் முதல் இலவச சர்வீசுக்கு வருகிறோம். உங்கள் கண்ணாடி அறையில் காபி கொடுத்து, ஓசை இல்லாத டிவிக்கு முன்னால் ரெண்டு மணி நேரம் உட்கார வைக்கிறீர்கள். அதற்குள் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டியிருப்போம், கேட்க ஆயிரம் கேள்வி இருக்கும். அந்த நேரத்தில் அரைமணி எடுத்துக்கொள்ளுங்கள். டெமோ கார் உங்களிடம் இருக்கிறது. ஆளில்லாத ஒரு இடத்துக்குக் கூட்டிப்போய், 40-இல் போகச் சொல்லி, ஈர மண்ணிலோ தண்ணீர் தெளித்த தரையிலோ பிரேக்கை ஒரே ஒருமுறை ஓங்கி மிதிக்கச் சொல்லுங்கள். பெடல் உதைக்கட்டும். அந்த உதையை அங்கே வாங்கியவன் பாடாலூரில் காலை எடுக்க மாட்டான். டிக் அடிக்கும் பேனாவை வாடிக்கையாளர் கையில் கொடுங்கள். தெரிந்ததற்கு மட்டும் அவர் அடிக்கட்டும். அக்சஸரீஸ் கவுன்ட்டரில் பை வரும் வழியை மறைக்கிற எதையும் விற்காதீர்கள். இதற்கெல்லாம் உங்கள் கமிஷனில் கொஞ்சம் குறையும்தான்.

வரும் தை மாதம் என் மருமகன் வண்டி எடுக்கிறார். உங்களில் ஒருவரிடம்தான் முன்பணம் கட்டியிருக்கிறார். நானும் கூட வருவேன். எங்களுக்குக் கேக் வேண்டாம். அந்த நேரத்துக்கு ப்ளூடூத் இணைக்கும் அந்தத் தம்பியை எங்களோடு அரைமணி வெளியே விடுங்கள்.

இப்படிக்கு,
திருச்சியில் இருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருவன்