ஹாக்லி வீட்டு அக்காமார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். பர்மிங்ஹாமிலிருந்து ஹாக்லி கிட்டத்தில்தான் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நான் வியந்து படித்த லிட்டில்டன் என்ற ஆங்கிலப் பிரபு குடும்பத்து வீடு அங்கேதான் இருக்கிறது.

நான்காவது லிட்டில்டன் பிரபுவுக்கும் அவர் மனைவி மேரிக்கும் எட்டு மகன்கள், நான்கு மகள்கள். 1867-ல் பிரபு, அவருடைய இரண்டு தம்பிகள், எட்டு மகன்கள் என்று ஒரே வீட்டுப் பதினோரு பேர் கிரிக்கெட் ஆட இறங்கி, பிராம்ஸ்குரோவ் பள்ளி அணியைத் தோற்கடித்தார்கள். பிறகு மகன்களில் ஆர்தர் பிஷப் ஆனார், நெவில் ராணுவத் தளபதி. பாதிரியாரான எட்வர்ட், ஈட்டன் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தபோது, 1915-ல் முதல் உலகப் போர் உச்சத்தில் ஜெர்மனிக்கும் நியாயம் வேண்டும் என்று பிரசங்கம் செய்து ஊர் வசையை வாங்கிக்கொண்டார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

கடைக்குட்டி ஆல்ஃபிரட் விக்கெட் கீப்பர். 1884 ஓவல் டெஸ்ட்டில் ஆஸ்திரேலியா 551 ரன் குவித்தது. இங்கிலாந்தின் பதினோரு பேரும் பந்து வீசிப் பார்த்தார்கள். கீப்பர் வேலையை டபிள்யூ.ஜி. கிரேஸிடம் கொடுத்துவிட்டு வந்த ஆல்ஃபிரட், கையைத் தாழ்த்தி மெல்ல உருட்டிவிட்ட பந்துகளில் 19 ரன்னுக்கு 4 விக்கெட்! இதே மனிதர் குடியேற்ற நாட்டு அமைச்சரானதும், தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களுக்குச் சீனத் தொழிலாளர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோக அனுமதித்தார். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆனால் நீ தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் அந்த வீட்டுப் பெண்பிள்ளைகள். 1857-ல் மேரி இறந்தபோது ஆல்ஃபிரட் ஆறு மாதக் கைக்குழந்தை. மூத்தவள் மெரியலும் அடுத்தவள் லூசியும் அப்போது பதின்வயதுப் பெண்கள். வீட்டுப் பொறுப்பு முதலில் மெரியல் தலையில் விழுந்தது, அவள் கல்யாணமாகிப் போனதும் லூசியிடம் வந்தது. அப்பாவோ அவ்வப்போது மனச்சோர்வில் மூழ்கிவிடுவார். கடைசியில் 1876-ல் அவர் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டார்.

லூசியின் கணவர் ஃபிரெடரிக் கேவண்டிஷை அயர்லாந்து அமைச்சராக அனுப்பியவர் பிரதமர் கிளாட்ஸ்டன். லூசிக்கு அவர் பெரியப்பா முறை, அம்மாவின் அக்கா கணவர். 1882 மே 6, டப்ளினில் போய் இறங்கிய அன்றே கேவண்டிஷைக் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டார்கள். அந்த வேளையிலும் லூசி பெரியப்பாவைத் தேற்றினாள். அவரை அனுப்பியதற்காக உங்களை நீங்களே நொந்துகொள்ளாதீர்கள் என்றாள். அந்த நெஞ்சுரத்தை நினைத்தால் எனக்குக் கண் கலங்குகிறது. பின்னாளில் பெண்கல்விக்காக ஓடி ஓடி உழைத்தாள். கேம்பிரிட்ஜில் 1965-ல் பெண்களுக்காகத் தொடங்கிய கல்லூரிக்கு அவள் பெயரைத்தான் வைத்தார்கள்.

ஆர்தர் முதல் தலைவராக இருந்த செல்வின் கல்லூரியும் கேம்பிரிட்ஜில்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் இரண்டையும் பார், ஆனால் லூசி கல்லூரிக்கு முதலில் போ. ஹாக்லி வீட்டுக்குள் எல்லா நாளும் விடமாட்டார்கள், விசாரித்துக்கொண்டு கிளம்பு. குளிருக்கு ஸ்வெட்டரை மறந்துவிடாதே. போய் வந்ததும் எனக்கு விவரமாக எழுது.

அன்புடன்,
அம்மா