உன் கட்டைவிரலுக்கு ஒரு பதில்

மாப்ள,

நல்லாருக்கியா, தங்கச்சி நல்லாருக்கா, பாப்பா பரீட்சை முடிஞ்சுச்சா. இங்க எல்லாரும் சுகம், ஆத்தாவுக்கு சுகர் கொஞ்சம் ஏறியிருக்கு, மழை இல்ல, நம்ம கூட்டாளி சோடா மறுபடியும் கடைய மாத்திட்டான். நலம் விசாரிப்பு முடிஞ்சுச்சு.

வாய்ஸ் நோட் போடலாம்னு மூணு தடவ பேசி மூணு தடவயும் அழிச்சுட்டேன், அதான் ஒக்காந்து டைப் பண்றேன். நாலு மாசமா நானும் உன்கிட்ட பேசல நீயும் பேசல. நடுவுல நமக்குள்ள நடந்த ஒரே பேச்சுவார்த்தை, நான் ஸ்டேட்டஸ்ல கார் போட்டோ போட்டதுக்கு நீ அனுப்புன ஒத்தக் கட்டைவிரல். முப்பது வருஷமா உன்னத் தெரியும்டா. கெமிஸ்ட்ரி வாத்தியாரோட லூனாவப் பத்தியே ஒரு ராத்திரி முழுக்கப் பேசுனவன் நீ, ஒரு காரப் பாத்துட்டு கட்டைவிரலோட நிறுத்துற ஆளா? அதனால நீ கேக்காத கேள்விக்கெல்லாம் நானே பதில் சொல்லிர்றேன்.

பி.எம்.டபிள்யூ. 2 சீரிஸ் கிரான் கூபே, 220ஐ, 2021 மாடல், பெட்ரோல். புதுசு இல்ல, செகண்ட் ஹேண்டுதான், கோயம்புத்தூர்ல ஒரு டாக்டர் வச்சிருந்தது, 31 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கு. நீலம். அந்த நீலம்தான், கணக்கு நோட்டுக்குள்ள நாம ஒட்டி வச்சிருந்தோமே அதே நீலம், ஹெச்.எம். ரூம்ல மாட்டுனப்ப "இவன்தான் சார் ஒட்டுனான்"னு நீ என்னயக் கைய காட்டுனது இன்னும் மறக்கல.

உன் மொத கேள்வி எனக்குத் தெரியும், எஞ்சின் சுத்துறது முன் வீலயா பின் வீலயா. முன் வீல்தான். சிரி, சிரிச்சு முடி. 2004ல 1 சீரிஸ்ங்கிற குட்டிக் கார் வந்தப்ப அந்த சைஸ்லயும் பின் வீல் டிரைவ் குடுக்குற ஒரே ஆளு நாங்கதான்னு பீத்துன கம்பெனி, 2014ல மொதத் தடவயா முன் வீல் கார் போட்டான், 2019ல அந்த 1 சீரிஸையே முன் வீலா மாத்திட்டான், என்னோடது அதுக்குத் தம்பி, மினி கார் நிக்கிற அதே அடித்தளம். ஜெர்மனின்னு சொல்லிக்கவும் பெருசா ஒண்ணுமில்ல, செங்கல்பட்டு பக்கம் மகிந்திரா சிட்டியில 2007லேர்ந்து ஓடுற பேக்டரியில பூட்டுன வண்டி. பிரீமியம் கார்ல இதுதான் மொதப் படி, அதுக்கு மேல ஏறுறதுக்கு நம்ம கால்ல தெம்பு இல்ல. அதுவும் போக, நம்ம பக்கத்து ரோட்டுல முன் வீல் என்ன பின் வீல் என்ன, ரெண்டும் ஒரே பள்ளத்துலதான விழுது.

ஆனா மாப்ள, எஞ்சின்!

1998 சி.சி., நாலு சிலிண்டர், ட்வின் ஸ்க்ரோல் டர்போ, 190 குதிரை. அத விடு, குதிரைய எல்லாரும் சொல்லுவான். 280 நியூட்டன் மீட்டர் டார்க், அதான் இழுவை, அது 1350 ஆர்.பி.எம்.லயே முழுசா வந்துருது, அதாவது நீ ஆக்சிலரேட்டர் மேல கால வைக்கலாமான்னு யோசிக்கிறப்பவே வண்டி கெளம்பிருது. எங்கப்பா, நம்ம அப்பச்சி, வச்சிருந்த அம்பாசிடர் 1489 சி.சி., ஐம்பது குதிரை இருந்தா அதிகம், திருமயம் மேட்டுல ஏறுறதுக்குள்ள ஒரு காப்பி குடிச்சுட்டு வந்துரலாம், ஞாபகம் இருக்கா. கியர்பாக்ஸ் ஏழு கியர், அதுல ரெண்டு கிளட்ச், ஒத்தப்படை கியருக்கு ஒண்ணு ரெட்டப்படைக்கு ஒண்ணு, நீ மூணுல போய்க்கிட்டு இருக்கப்பவே நாலு தயாரா மாட்டி நிக்கும், இவன் விடுறான் அவன் பிடிக்கிறான், நடுவுல இழுவை அறுந்து போறதே இல்ல. ஓட்டுறப்பல்லாம் உன்னத்தான் நெனச்சேன், இந்தக் கியர்பாக்ஸப் பிரிச்சு மேசையில பரப்பி வச்சா நீ ரெண்டு நாளைக்குச் சோறு கேக்க மாட்ட.

வாங்குன மொத வாரம் விடியக்காலம் அஞ்சரைக்குக் கெளம்பி புதுக்கோட்டை ரோட்டப் பிடிச்சேன். ஒரு ஈ காக்கா இல்ல. திருமயம் கோட்டை மேல வெளிச்சம் அப்பத்தான் எறங்குது, ஸ்போர்ட் மோடுல போட்டுட்டு ஒரு அமுக்கு அமுக்குனேன் பாரு, முதுகு சீட்டோட ஒட்டிக்கிருச்சு, நிக்கிற எடத்துலேர்ந்து நூறத் தொட 7.1 செகண்டுன்னு கம்பெனி சொல்றான், நான் எண்ணல, எண்ணுற நெலமையில இல்ல. 80 தாண்டுனா ஒரு பீப்பு, 120 தாண்டுனா விடாமக் கத்தும், 2019 ஜூலைக்குப் பொறவு வந்த எல்லாக் கார்லயும் சட்டப்படி அது இருக்கு, எத்தன தடவ கத்துச்சுன்னு தங்கச்சிகிட்ட சொல்லாத, அவ நேரா எங்க வீட்லகிட்ட சொல்லிருவா. நாப்பத்தெட்டு வயசுல தனியா உள்ள ஒக்காந்து "ஏய்ய்"னு கத்துனேன்டா. வெக்கமாத்தான் இருந்துச்சு. திரும்பி வர்றப்பவும் கத்துனேன்.

சந்தோசம் அந்த ரோடு வரைக்கும்தான். ஊருக்குள்ள நொழஞ்சா இது கார் இல்ல, பச்சப் புள்ள. தெருவுக்குத் தெரு அவனவனா போட்டு வச்சிருக்கிற ஸ்பீட் பிரேக்கர் ஒவ்வொண்ணும் பாத்திகட்டுன வரப்பு மாதிரி இருக்கு, நேரா ஏத்துனா அடிவயிறு தட்டும், கோணலா ஏத்தணும், பின்னாடி வர்ற மினிபஸ்காரன் நான் யூ டர்ன் போடுறேன்னு நெனச்சு ஹாரன் அடிச்சே கொல்றான். ஊருக்குள்ள லிட்டருக்கு எட்டுதான் குடுக்குது. பிள்ளையார்பட்டியில பூசை போட்டுட்டு எலுமிச்சம்பழத்த ஏத்துறப்ப பழம் நசுங்குன அதிர்ச்சி கூட சீட்டுக்கு வந்த மாதிரி இருந்துச்சு, 40 புரொஃபைல் டயரு, ஒசரம் கம்மி, ரன்ஃப்ளாட் வேற, சைடு வால் கல்லு மாதிரி. காத்து போனாலும் 80 கிலோமீட்டர் வேகத்துல 80 கிலோமீட்டர் வரைக்கும் போகலாம்ங்கிறதுதான் அதுல ஆறுதல், ஏன்னா இந்த சைஸ் டயர் காரைக்குடியில எல்லாக் கடையிலயும் கேட்டுப் பாத்தேன், திருச்சி போங்கண்ணேங்கிறான்.

நிறுத்துறது அடுத்த கூத்து. எங்க வீட்டப் பத்தி உனக்குத் தெரியும், முகப்பு ஒரு தெரு, பின்கட்டு அடுத்த தெரு. முன்பக்கம் படிதான், காரு ஏறாது. பின்னாடி வில்வண்டிக் கொட்டகையில விடலாம்னு பாத்தா அந்தச் சரிவு மாட்டு வண்டிக்குப் போட்ட சரிவு, மூக்கு போய் இடிக்குது. கடைசியில சாமான் அறையில கெடந்த பர்மா தேக்குப் பலகை ரெண்ட எடுத்துப் போட்டு அதுமேல ஏத்துறேன். எங்க ஐயா கப்பல்ல வந்த தேக்க காப்பாத்தி வச்சுட்டுப் போனது பேரன் காருக்கு ஏணி போடத்தான் போல.

சரி. சிரிக்கிற பகுதி இத்தோட முடிஞ்சுச்சு.

போன மாசம் அப்பச்சியக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக கெளம்புனேன். அவுக முழங்காலு உனக்குத் தெரியும்ல. அம்பாசிடர்ல திண்ணையில ஒக்கார்ற மாதிரி ஒக்காந்து பழகுனவுக. இந்தக் கதவத் தொறந்து குனிஞ்சு பாத்துட்டு, "இது ஒக்கார்ற வண்டியா படுக்குற வண்டியா"ன்னாக. எல்லாரும் சிரிச்சோம். எப்படியோ உள்ள போயிட்டாக. எறங்குறப்பதான் முடியல. பிடிச்சு எந்திரிக்க எதையாவது தேடுறாக, இந்தக் கார்ல கதவுக்கு மேல சட்டம் கெடையாது, கண்ணாடி மட்டும்தான் நிக்கும், அதுதான் அழகுன்னு விக்கிறான், நானும் அதுக்காகத்தான் மயங்குனேன். அவுக அந்தக் கண்ணாடியப் பிடிச்சு எம்பப் பாத்தாக. நான் "கண்ணாடியப் பிடிக்காதீங்க"ன்னு கத்திட்டேன்டா. ஆஸ்பத்திரி வாசல்ல, அத்தன பேரு முன்னாடி. அவுக கைய எடுத்துட்டாக. ஒண்ணும் சொல்லல. நான் ரெண்டு கையும் குடுத்துத் தூக்கி விட்டேன், திரும்பி வர்றப்ப "நீ போப்பா, நான் ஆட்டோவுல வந்துர்றேன்"னாக. கோவமெல்லாம் இல்ல, சாதாரணமாத்தான் சொன்னாக. ஆட்டோவுக்குப் பின்னாடியே 190 குதிரைய ஓட்டிக்கிட்டு வீடு வரைக்கும் வந்தேன்.

அன்னைக்கு ராத்திரி கொட்டகையில கார்ல தனியா ஒக்காந்திருந்தப்பதான் உன் கட்டைவிரல் ஞாபகம் வந்துச்சு.

பங்குனியில நீ போன் பண்ணி, பட்டறை மெஷின்ல சுத்துற தண்டு, அந்த ஸ்பிண்டில் போச்சுடா, ஆர்டர் கையில இருக்கு, மெஷின் நிக்குது, மூணு லட்சம் கெடைக்குமா, ஆறு மாசத்துல திருப்பிர்றேன்னு கேட்ட. நான் எல்லாம் எஃப்.டி.ல மாட்டிக் கெடக்கு மாப்ளன்னேன். அது பொய் இல்ல. எஃப்.டி.லதான் இருந்துச்சு. வைகாசியில அதே எஃப்.டி.ய ஒடச்சுத்தான் இந்தக் காருக்கு முன்பணம் கட்டுனேன். அபராத வட்டி போகுதேன்னு உனக்காக யோசிச்சவன், காருக்குன்னு வந்தப்ப எவ்வளவு போகுதுன்னு பேங்க்ல கேக்கக் கூட இல்ல.

உனக்குத் தரக்கூடாதுன்னு நெனச்சேனா? சத்தியமா இல்ல. கார் வாங்கப் போறேன்னு அப்ப எனக்கே தெரியாது. இப்படித்தான் நாலு மாசமா எனக்கு நானே சொல்லிக்கிட்டு இருக்கேன், பங்குனி மாசம் போன்ல அந்தக் காரோட விளம்பரத்த தெனமும் தொறந்து பாத்துக்கிட்டு இருந்ததும் எனக்குத் தெரியும். நீ கேட்ட அன்னைக்கும் பாத்தேன். ஸ்டேட்டஸ் போடுறப்ப உன் நம்பர மட்டும் மறைச்சுரலாமான்னு ஒரு நிமிசம் யோசிச்சேன், மறைக்கல, அத ஏதோ நேர்மைன்னு நெனச்சுக்கிட்டேன்.

நீ திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும். சோடாகிட்டயாவது சொல்லித் திட்டியிருப்பன்னு நெனச்சு அவன்கிட்ட நைசா விசாரிச்சேன், "அவன் ஒண்ணும் சொல்லலியே, நல்ல வண்டின்னான்"னு சொன்னான். அதத்தான் என்னால தாங்க முடியல.

ஸ்பிண்டில் என்னாச்சு? ஆர்டர் போச்சா இருக்கா? தங்கச்சி நகை எதுவும் பேங்க்குக்குப் போச்சான்னு கேக்க எனக்கு வாய் வரல, ஆனா கேக்குறேன்.

கார வித்துர்றேன்னெல்லாம் சொல்ல மாட்டேன், சொன்னா நீயே நம்ப மாட்ட, காலையில அந்த ரோட்டுல ஓட்டுறப்ப இப்பவும் கத்தத்தான் செய்றேன். ஆத்தாவோட சீட்டுப் பணம் ஆவணியில வருது, அது என் பேருலதான் இருக்கு. அதப் பத்தி நேர்ல பேசுவோம், வேணாம்னு இப்பவே டைப் பண்ணாத.

ஞாயித்துக்கெழம துவாக்குடி வர்றேன், எட்டு மணிக்கெல்லாம் வந்துருவேன். வீட்டுக்கு வேணாம், பட்டறையிலயே இரு. ஆத்தா கந்தரப்பம் சுட்டுத் தர்றேன்னு சொல்லியிருக்கு, அப்பச்சி ஒன்னய ரொம்ப விசாரிச்சாக. பட்டறை வாசல்ல அந்த ஜல்லிக் குமியல் இன்னும் அப்படியேதான் கெடக்கா? கெடந்தா கார மெயின் ரோட்டுலயே விட்டுட்டு நடந்து வந்துர்றேன்.

இதுக்கும் கட்டைவிரல் மட்டும் அனுப்புன, கொன்றுவேன்.

உன்
மொட்டை