இணைப்பு மட்டுமே சிக்கனமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தலைநகரங்களை ஒட்டியுள்ள சிறு உள்ளாட்சிகளைப் பெருநகரோடு இணைத்துவிடுவதே சிக்கனம் என்று வாதிடும் கட்டுரையைத் தங்கள் இதழில் படித்தேன். பின்லாந்தின் எஸ்போ நகரில் வசிப்பவன் என்ற முறையில், அக்கட்டுரை கருத்தில் கொள்ளாத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

ஹெல்சிங்கி தலைநகர்ப் பகுதியில் ஹெல்சிங்கி, எஸ்போ, வந்தா ஆகிய பெரிய நகரங்களோடு கௌனியைனென் என்ற நான்காவது நகராட்சியும் உண்டு. ஏறத்தாழ 6 சதுர கிலோமீட்டர் பரப்பில் சுமார் 10,000 பேர் வாழும் அவ்வூரை எஸ்போ நாற்புறமும் சூழ்ந்திருக்கிறது. 1920-இல் தனி உள்ளாட்சியாகி 1972-இல் நகரமான இவ்வூரின் ரயில் நிலையத்தில் இறங்கினால், ஃபின்னிஷ் பெயருக்குக் கீழே கிரான்குல்லா என்ற ஸ்வீடிஷ் பெயரும் பலகையில் இருக்கும். நாடு முழுவதும் ஸ்வீடிஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் 5 விழுக்காட்டினர்தாம். இவ்வூரிலோ மூன்றில் ஒரு பங்கினர்.

ஃபின்னிஷ், ஸ்வீடிஷ் ஆகிய இரண்டில் ஓர் ஊரில் சிறுபான்மையாக உள்ள மொழியைப் பேசுவோர் 8 விழுக்காடு இருந்தாலோ, 3,000 பேரை எட்டினாலோ அந்த நகராட்சி இருமொழி நகராட்சி என்பது பின்லாந்தின் மொழிச் சட்டம். எஸ்போவில் ஸ்வீடிஷ் பேசுவோர் 8 விழுக்காட்டுக்குக் குறைவு. எண்ணிக்கையில் 3,000-ஐ வெகுவாகத் தாண்டுவதால் அதுவும் இருமொழி நகரமே. ஆகவே இணைத்தாலும் எதுவும் பறிபோகாது என்பார்கள். சட்டப்படி அது சரிதான். ஆனால் உரிமை ஏட்டில் இருப்பது வேறு, அதைக் கேட்டுப் பெறும் பலம் மன்றத்தில் இருப்பது வேறு. இருமொழி நகராட்சியில் மன்றக் கூட்ட அறிவிப்பும் நடவடிக்கைக் குறிப்பும் இரு மொழிகளிலும் வெளிவர வேண்டும். கல்வி நிர்வாகத்துக்கு மொழிக்கொரு குழுவோ, பொதுக் குழுவுக்குள் மொழிக்கொரு பிரிவோ இருக்க வேண்டும். மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் நகரில் ஸ்வீடிஷ் பள்ளிக்கூடம் வரவு செலவுத் திட்டத்தின் பல இனங்களுள் ஒன்று. கௌனியைனெனில் அதை ஒதுக்கி வைத்துவிட்டுப் பள்ளிகளைப் பற்றி எந்த மன்ற உறுப்பினராலும் பேச முடியாது.

இது வெறும் அச்சமும் அன்று. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எஸ்போவே ஸ்வீடிஷ் பேசுவோர் மிகுந்த கிராமப்புறமாக இருந்தது. தலைநகர் வளர வளரக் குடியேற்றம் பெருகி, யாரும் திட்டமிடாமலே அம்மொழி அங்கே சிறுபான்மையாகிவிட்டது.

செல்வந்தர்கள் குறைந்த வரியில் ஒதுங்கி வாழ இவ்வூர் ஒரு வேலி என்ற குற்றச்சாட்டை நான் புறந்தள்ளவில்லை. அங்கே வரி விகிதம் நாட்டிலேயே மிகக் குறைந்தவற்றுள் ஒன்று. ஆயினும் வருவாய் மிகுந்த நகராட்சிகளிடம் பிடித்தம் செய்து மற்றவற்றுக்கு வழங்கும் சமன்படுத்தும் முறை பின்லாந்தில் ஏற்கெனவே உள்ளது. அது போதாதெனில் பிடித்தத்தைக் கூட்டலாம்; அதற்காக நகராட்சியைக் கலைக்க வேண்டியதில்லை.

2023 முதல் மருத்துவமும் சமூக நலப் பணிகளும் பெரும்பாலான நகராட்சிகளின் கையைவிட்டு வட்டார நலப்பணி அமைப்புகளுக்குச் சென்றுவிட்டன. கௌனியைனென் இப்போது எஸ்போவோடு சேர்ந்து மேற்கு ஊசிமா அமைப்பில் இருக்கிறது. பெரிய அளவில் நடத்த வேண்டிய பணிகளுக்கு இப்படி ஒரு வழி கிடைத்துவிட்ட நிலையில், நகராட்சியிடம் எஞ்சியுள்ள முக்கியப் பொறுப்பு பள்ளிகளும் குழந்தைகள் காப்பகங்களுமே. ஒரு மொழி அடுத்த தலைமுறைக்குச் செல்லும் இடங்கள் இவை என்பதால், இணைப்பின் இலாப நட்டத்தைக் கணக்கிடுவோர் இவற்றையும் கணக்கில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
எஸ்போ, பின்லாந்து