பிரவுன்ஸ் அணியின் 1944: துணை நின்றவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் பேஸ்பால் அணியின் 1944-ஆம் ஆண்டுப் பருவத்தைப் பற்றி எழுதிவந்த தொடர் நிறைவடைந்துவிட்டது. கட்டுரைகளுக்கு மேலே என் பெயர் மட்டும்தான் இருந்தது. ஆனால் பலர் கை கொடுத்ததால்தான் அது கரை சேர்ந்தது. அவர்களுக்குத் தனித்தனியே எழுதியிருக்கிறேன். ஆனாலும் உங்கள் முன்னிலையில் ஒருமுறை சொல்வதுதான் முறை.

முதல் நன்றி, முதல் பகுதியைப் படித்தவுடனேயே கடிதம் எழுதிய வாசகருக்கு. "நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாம் போர்முனைக்குப் போய்விட்டார்கள். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. இந்த வெற்றியைக் கொண்டாட என்ன இருக்கிறது?" என்று கேட்டிருந்தார். தொடர் முழுவதையும் அந்தக் கேள்விதான் இழுத்துச் சென்றது. அவர் சொன்னதில் உண்மை உண்டு. நியூயார்க் யாங்கீஸ் அணியின் ஜோ டிமாஜியோ, டெட்ராய்ட்டின் ஹாங்க் கிரீன்பெர்க், பாஸ்டனின் டெட் வில்லியம்ஸ் ஆகிய மூவரும் அந்த ஆண்டு படையில் இருந்தார்கள். பிரவுன்ஸ் அணியிலோ, உடல்தகுதி போதாது என்று ராணுவம் ஒதுக்கிய 'நான்கு-எஃப்' பிரிவினர் நிறையப் பேர். ஆனால் டெட்ராய்ட்டிடம் ஹால் நியூஹவுசரும் டிஸ்ஸி டிரௌட்டும் இருந்தார்கள். அந்த ஒரு பருவத்தில் 29 ஆட்டங்களும் 27 ஆட்டங்களுமாக வென்று கொடுத்த பிட்சர்கள் (பந்து வீச்சாளர்கள்) அவர்கள். அந்த அணி 88 வெற்றிகளோடு நிற்க, பிரவுன்ஸ் 89 வெற்றிகளோடு, அமெரிக்காவின் இரண்டு பெரிய லீக்குகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் பட்டத்தை வென்றது. அதை இலுப்பைப்பூ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்து, பழைய செய்தித்தாள்களின் நுண்படச் சுருள்களைத் தேடி எடுத்துத் தந்த நூலக ஊழியருக்கு. பிரவுன்ஸ் அணியை லாஸ் ஏஞ்சல்ஸுக்கு மாற்றுவது பற்றிய வாக்கெடுப்பு 1941 டிசம்பர் 8 அன்று நடக்க இருந்தது. முந்தைய நாள் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டது. அந்தத் திட்டம் அத்தோடு முடிந்தது. இந்தச் செய்தியை எனக்கு முதலில் சுட்டிக்காட்டியவர் அவர்தான். போர் மூளாவிட்டால் செயின்ட் லூயிஸில் எழுதுவதற்கு ஒரு கதையே இருந்திருக்காது.

அக்ரன் நகரத்திலிருந்து எழுதிய, ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளிக்கு நான் பட்ட கடன் பெரியது. பிட்சர் டென்னி கேல்ஹவுஸ் அந்தப் பருவத்தின் தொடக்கத்தில் அக்ரனில் குட்இயர் விமான ஆலையில் வேலை செய்துகொண்டிருந்தார். வாரத்தில் ஆறு நாள் ஆலை. சனிக்கிழமை வேலை முடிந்ததும் ரயில் ஏறுவார். ஞாயிறு காலையில், அணி எந்த ஊரில் ஆடுகிறதோ அங்கே இறங்கிப் பந்து வீசுவார். ஆட்டம் முடிந்ததும் மறுபடி ரயில். திங்கட்கிழமை மறுபடி ஆலை. இந்தத் தகவலை நான் ஒரே வரியில் எழுதி வைத்திருந்தேன். அந்தப் பெரியவர், நாள் முழுவதும் நின்றபடியே வேலை பார்த்தவனின் தோளும் முழங்காலும் ஆறாம் நாள் மாலையில் எப்படி இருக்கும் என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பினார். இரவெல்லாம் ரயிலில் உட்கார்ந்து வந்து, பெட்டியிலிருந்து இறங்கிய கையோடு ஒன்பது இன்னிங்ஸ் பந்து வீச நிற்பது என்னவென்று அதன்பிறகுதான் எனக்கு உறைத்தது. ஆலையை விட்டால் ராணுவ அழைப்பு வரக்கூடும் என்று தெரிந்தே, பருவத்தின் நடுவில் கேல்ஹவுஸ் முழுநேரமாக அணியோடு சேர்ந்தார். தொடரில் அதிகம் பேர் பாராட்டிய அத்தியாயம் அதுதான். அந்தப் பாராட்டு அந்தப் பெரியவருக்கே உரியது.

பிரவுன்ஸின் ஆட்டக்காரர் செட் லாப்ஸும் ஆலைத் தொழிலாளிதான். பேஸ்பால் தொடர்ந்து நடக்கட்டும், பகல் ஷிப்டுக்காரர்களும் பார்க்கும்படி இரவு ஆட்டங்கள் கூடட்டும் என்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1942 ஜனவரியில் கடிதம் எழுதியிருந்தார். ஷிப்டு முடித்துவிட்டு மைதானத்துக்கு வந்தவர்களில் ஆட்டக்காரரும் இருந்தார்கள் என்பதற்கு லாப்ஸ் சாட்சி. பருவத்தின் கடைசி நாளான அக்டோபர் 1 வரை அவர் அடித்திருந்த ஹோம் ரன்கள் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போல) மூன்றே மூன்று. அன்று மட்டும் இரண்டு. அன்று பிரவுன்ஸுக்காகப் பந்து வீசியவர் சிக் ஜகூக்கி. 1936-க்குப் பிறகு பெரிய லீக்கில் தலைகாட்டாமல் இருந்து, அந்த ஆண்டுதான் திரும்பி வந்தவர். யாங்கீஸ் பிரவுன்ஸிடம் 5-2 என்று தோற்றது. அதே நாளில் டெட்ராய்ட்டும் வாஷிங்டனிடம் தோற்றது, பட்டம் பிரவுன்ஸுடையதானது. மறுநாள் பத்திரிகையின் ஸ்கோர் அட்டவணையை நுண்படக் கருவியின் மங்கிய வெளிச்சத்தில் வரிக்கு வரி படித்து விளக்கிய என் அலுவலக நண்பருக்கு என்றும் நன்றி. கிரிக்கெட் ஸ்கோர் படித்துப் பழகிய கண்ணுக்கு, அவர் இல்லாமல் அது வெறும் எண்களின் கூட்டமாகவே இருந்திருக்கும்.

பாராசூட் விபத்தில் முதுகு அடிபட்டு ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்ட பிரவுன்ஸின் கேட்சர் (அடிப்பவருக்குப் பின்னால் நின்று பந்து பிடிப்பவர்) ஃபிராங்க் மன்கூசோவால், உயரே எழும் பந்தை அண்ணாந்து பார்ப்பதே ஏன் பெரும்பாடாக இருந்தது என்று விளக்கிய மருத்துவருக்கும் நன்றி.

இனிச் சொல்லப்போகும் அம்மையாருக்கு வெறும் நன்றி போதாது. செயின்ட் லூயிஸில் பிறந்து வளர்ந்த கறுப்பினத்தவர். தொண்ணூறு வயதை நெருங்குபவர். பிரவுன்ஸின் சொந்த மைதானமான ஸ்போர்ட்ஸ்மன்ஸ் பார்க்கில் கறுப்பின மக்கள் வலதுபுறப் பந்தலில் மட்டுமே உட்காரலாம் என்ற விதி 1944 மே மாதம் வரை இருந்தது. பெரிய லீக் மைதானங்களிலேயே அந்த வழக்கத்தைக் கடைசியாகக் கைவிட்டது அதுதான். "வெற்றியை எழுதும் பக்கத்திலேயே இதையும் எழுதுங்கள், அடிக்குறிப்பில் தள்ளிவிடாதீர்கள்" என்றார். அப்படியே செய்தேன். ஆள் பஞ்சம் என்று லீக் முழுவதும் புலம்பிய அந்த ஆண்டுகளில், கறுப்பின வீரர்களுக்கெனத் தனியாக இருந்த நீக்ரோ லீக்கில் ஆடிக்கொண்டிருந்த அருமையான வீரர்களில் ஒருவரைக்கூட எந்த அணியும் அழைக்கவில்லை. அந்த நிறத் தடையை உடைத்த ஜாக்கி ராபின்சன் வருவதற்கு 1947 ஆக வேண்டியிருந்தது. கேல்ஹவுஸின் உழைப்பை வியக்கும் அதே மனத்தோடு இந்த அநியாயத்தையும் பேசியாக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதை எனக்குள் ஊன்றியவர் அந்த அம்மையார்.

இரண்டு லீக்குகளின் சாம்பியன்கள் மோதும் உலகத் தொடரைப் பற்றி அதிகம் எழுதவில்லையே என்று சிலர் குறைப்பட்டுக்கொண்டார்கள். செயின்ட் லூயிஸின் மற்றோர் அணியான கார்டினல்ஸும் பிரவுன்ஸும் ஒரே மைதானத்தைப் பங்கிட்டுக்கொண்ட அணிகள். இரண்டின் மேலாளர்களான பில்லி சவுத்வொர்த்தும் லூக் சூவலும் ஒரே அடுக்குமாடி வீட்டை மாற்றி மாற்றிப் பயன்படுத்திவந்தார்கள், ஒருவர் ஊரில் இருக்கும்போது மற்றவர் வெளியூரில் இருப்பார் என்பதால். இருவரும் உலகத் தொடரில் மோத நேர்ந்தபோது ஒருவருக்கு வேறு வீடு தேட வேண்டியதாயிற்று. முதல் ஆட்டத்தை ஜார்ஜ் மெக்குவின் அடித்த ஹோம் ரனால் பிரவுன்ஸ் 2-1 என்று வென்றது. தொடரை 4-2 என்று கார்டினல்ஸ் வென்றது. புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஸ்டான் மியூசியல் ஆடிய அணி அது. என் மனம் நின்றது லீக் பட்டத்தோடுதான்.

மெய்ப்பு பார்த்த நண்பர்களுக்கும், வார இறுதிகளைப் பொறுத்துக்கொண்ட வீட்டாருக்கும் என் நன்றி.

அடுத்து 1945-ஆம் ஆண்டை எழுத நினைத்திருக்கிறேன். சிறுவயதில் வலக்கையை இழந்த பீட் கிரே, ஒற்றைக் கையோடு பிரவுன்ஸுக்காக 77 ஆட்டங்கள் ஆடிய பருவம் அது. அந்த நாட்களைப் பற்றிய குடும்பக் கடிதமோ, டிக்கெட்டோ, தாத்தா பாட்டி சொன்ன கதையோ உங்கள் அண்டை வீட்டாரிடம் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

நன்றியுடன்,
தொடரை எழுதியவன்