வேலையை விடுமுன் வீட்டுக் கடனைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சிங்கப்பூரில் 2026 ஜூலை 1 முதல் ஓய்வுபெறும் வயது 64, மறுவேலைவாய்ப்பு வயது 69 என்று நிறையப் பேசுகிறோம். ஐம்பதைத் தாண்டியதும் அரசாங்க வேலையை விட்டுவிடுகிறவர்களைப் பற்றித்தான் பேச்சையே காணோம். நான் பார்த்தவரை அப்படி விடுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். மாமியாருக்குப் பக்கவாதம், அம்மாவுக்கு மறதி நோய், பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை.

ஓர் அரசாங்க அமைப்பின் மனிதவளப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவள் நான். ராஜினாமா கொடுத்தவர்கள் வேலை அட்டை, மடிக்கணினி, லாக்கர் சாவி, மிச்ச விடுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து வாங்கிக்கொண்டு வருவார்கள். கடைசியில் தயங்கிக் கேட்பார்கள்: “அக்கா, என் சிபிஎஃப் எப்ப செட்டில் ஆகும்?”

ஆகாது. சிங்கப்பூரர் எந்த வேலையை விட்டாலும், ஊழியரும் முதலாளியும் மாதாமாதம் போடும் மத்திய சேம நிதி, அதாவது சிபிஎஃப், இருந்த இடத்திலேயே இருக்கும். அரசாங்க வேலை என்றால் பென்ஷன் உண்டு என்பது ஊரிலிருக்கும் சொந்தக்காரர்கள் நம் மண்டையில் ஏற்றி வைத்தது. இங்கே 1986க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு, ஒருசில பணிகளைத் தவிர, பென்ஷன் இல்லை. ஆசிரியர்களுக்குக் கனெக்ட், உள்துறைச் சீருடை அதிகாரிகளுக்கு இன்வெஸ்ட் என்று தனித் திட்டங்கள் உண்டு. அவற்றில் என்ன கிடைக்கும் என்பது எப்போது விலகுகிறோம் என்பதைப் பொறுத்தது. கடிதம் கொடுக்கும் தேதியை முடிவுசெய்யும் முன்பே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

மற்றவர்களுக்குக் கணக்கு வேறு. மாதம் 4,000 வெள்ளி வாங்கும் ஒருவர் 52 வயதில் விலகுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சிபிஎஃப்புக்கு அவர் பங்கு சம்பளத்தில் 20 விழுக்காடு, முதலாளி பங்கு 17. சேர்த்தால் மாதம் 1,480 வெள்ளி. 55 வரை மூன்று ஆண்டுகளுக்கு 53,280 வெள்ளி, வட்டி தனி. அதில் 24,480 முதலாளி கொடுத்திருக்க வேண்டியது. சம்பளம் போவது கண்ணுக்குத் தெரிகிறது. இது தெரிவதில்லை.

அதைவிட உடனடியாகக் கடிப்பது வீட்டுக் கடன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுத் தவணையைச் சிபிஎஃப்பின் சாதாரணக் கணக்கிலிருந்து கட்டிப் பழகிவிட்டோம், மாதாமாதம் அது போவதே தெரியாது. சம்பளம் நின்றால் அந்தக் கணக்குக்குள் பணம் வருவதும் நிற்கிறது. தவணை மட்டும் நிற்காது. இருப்பு தீர்ந்ததும் ரொக்கமாகக் கட்ட வேண்டும். அப்புறம் இன்னொன்று. 55 வயதில் சிபிஎஃப்பில் ஓய்வுக்காலக் கணக்கு திறக்கும்போது, அதன் இன்னொரு பிரிவான சிறப்புக் கணக்கில் இருப்பது போதவில்லை என்றால் சாதாரணக் கணக்கிலிருந்தும் எடுத்து நிரப்புவார்கள். எவ்வளவு வரை நிரப்புவார்கள் என்பதுதான் முழு ஓய்வுக்காலத் தொகை. 2026ல் 55 ஆகிறவர்களுக்கு அது 220,400 வெள்ளி. வீட்டுக் கடன் பாக்கி இருந்தால், தவணைக்காகச் சாதாரணக் கணக்குப் பணத்தை ஒதுக்கிவைக்கும்படி பிறந்தநாளுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். இது தெரிந்தவர்கள் மிகக் குறைவு. வேலையை விடுகிறவர் கையில் கொடுக்கும் தாளில் இதற்கு ஒரு வரி சேர்த்தால் எந்த அலுவலகத்துக்கும் காசு செலவில்லை.

வட்டி அதிகம் என்று சாதாரணக் கணக்கிலிருந்து சிறப்புக் கணக்குக்கு மாற்றச் சொல்லும் நண்பர்கள் எல்லாருக்கும் இருப்பார்கள். ஒன்றில் 2.5 விழுக்காடு, மற்றதில் 4, சரிதான். ஆனால் மாற்றியதைத் திருப்ப முடியாது. வீட்டுக் கடன் உள்ளவர், அதுவும் சம்பளம் நிற்கப்போகிறவர், இதில் அவசரப்படக் கூடாது என்பது என் கருத்து.

55 ஆனதும் 5,000 வெள்ளி எடுக்கலாம் என்றதும் அன்றைக்கே எடுத்து, வங்கியில் போட்டு வைக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். தேவை இருந்தால் எடுங்கள், குறையில்லை. சும்மா எடுத்து அதைவிடக் குறைந்த வட்டிக்குப் போடுவது எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஓய்வுக்காலக் கணக்கிலிருந்து வரும் மாதத் தொகையை 65 முதல் பெறலாம். கைச்செலவுக்கு வழி இருந்தால் 70 வரை தள்ளிப்போடலாம், தள்ளும் ஒவ்வோர் ஆண்டுக்கும் அது 7 விழுக்காடு வரை கூடும்.

கணக்கில் அடிப்படை ஓய்வுக்காலத் தொகைகூட (முழுத் தொகையில் பாதி) சேராமல் விலகியவர்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. 55 வயதும் அதற்கு மேலும் ஆகி, வருமான, சொத்து நிபந்தனைகளுக்குள் வருகிறவர்களின் ஓய்வுக்காலக் கணக்கில் ரொக்கம் நிரப்பினால், ஆண்டுக்கு 2,000 வெள்ளி வரை அரசாங்கம் அதே அளவு போடுகிறது. வாழ்நாளுக்கு 20,000 வெள்ளி வரை. கணக்குக்காரரே போட வேண்டும் என்றில்லை, குடும்பத்தினரும் போடலாம். தீபாவளிக்குப் புடவை எடுத்துத் தரும் பிள்ளைகளிடம் இந்த முறை இதைக் கேட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, அங் மோ கியோ