அண்ணனுக்கு, ஆம்னியை விற்கும் முன்

அண்ணா,

நைனாவின் மாருதி ஆம்னி வேனைக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். இதை வாட்ஸ்அப்பில் சொன்னால் நீ நீல டிக் விழாமல் படித்துவிட்டு, இரண்டு நாள் கழித்து "பேசலாம்" என்று ஒரு வார்த்தை அனுப்புவாய். அதனால் இங்கே எழுதுகிறேன். இந்த வலைப்பதிவை ஆரம்பித்தவன் நீ, பாஸ்வேர்டும் உன்னிடம் இருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் அழித்துவிடு. அழிக்க வேண்டுமா என்று பார்ப்பதற்காகவாவது முழுக்கப் படிப்பாய்.

கார் பற்றிப் படிக்க வருகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் அண்ணன் வாங்கிய ஷெவர்லே கார்வெட் சி8 ஸ்போர்ட்ஸ் காரும் இதில் வருகிறது, கவலை வேண்டாம்.

நைனாவுக்கு முதல் வருஷத் தெவசம் நல்லபடியாக முடிந்தது. யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதை அத்தை உனக்குச் சொல்லியிருப்பாள். நான் சொல்லப் போவதில்லை, தெருவில் பாதிப் பேர் இதைப் படிக்கிறார்கள். உனக்கு லீவு கிடைக்கவில்லை, சரி. அந்த வாரம்தான் உன் கார்வெட் கைக்கு வந்தது, அதுவும் சரி. நான் இரண்டையும் முடிச்சுப் போடவில்லை. போட்டவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வாயை நான் மூட முடியாது.

இலை எடுத்த கையோடு உன் வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். பத்து நிமிஷத்துக்கு மேல் ஓடியது. சின்ன வயசில் பம்பரம் ஜெயித்துவிட்டு ஓடி வருவாயே, அதே குரல். கேட்கக் கேட்கச் சிரிப்பு வந்துவிட்டது, சத்தியமாக.

"டேய், முன்னாடி ஒண்ணுமே இல்லடா. ரோடு நேரா காலுக்கு அடியில வந்து விழுது" என்றாய். பழைய கார்வெட்டில் நீளமான மூக்குக்குப் பின்னால், பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்ட வேண்டும். இதில் இன்ஜினை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டதால் டிரைவர் சீட்டை 419 மில்லிமீட்டர் முன்னால் தள்ளிவிட்டார்கள். ஸ்டீரிங்கை அசைத்த உடனே முன்பக்கம் திரும்பிவிடுகிறது, திருப்பினோமா என்று யோசிப்பதற்குள் வளைவு பாதி முடிந்துவிடுகிறது என்றாய். 6.2 லிட்டர் வி8, டர்போ கிடையாது, 495 குதிரைசக்தி, அத்தனையும் பிடரியில் உறுமுகிறது. முதல் 500 மைலுக்குக் கம்ப்யூட்டரே பலத்தைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று உனக்குக் கடுப்பு. சதுரமான ஸ்டீரிங் போட்டோவில் அசிங்கமாகத் தெரிந்தது, கையில் பிடித்தால் மீட்டர் மறைக்காமல் நன்றாகத்தான் இருக்கிறதாம். பின்கண்ணாடியில் சுத்தமாக ஒன்றும் தெரியவில்லை. கேமரா கண்ணாடியைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. நடுவில் ஏசி பட்டன்கள் வரிசையாக மேலேறி நிற்பதால், பக்கத்தில் உட்கார்ந்த அண்ணி மதில் சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டில் குடியிருக்கிற மாதிரி இருக்கிறதாம். இதைச் சொல்லிவிட்டு நீ சிரித்ததில் அண்ணி என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை.

எல்லாம் சரி. முன்னால் பானெட் இல்லாமல், முன்சக்கரத்தின் மேலேயே குந்திக்கொண்டு, இன்ஜின் சூட்டை உடம்பில் வாங்கிக்கொண்டு ரோட்டைப் பார்ப்பது என்றால் என்ன என்று உனக்கு அமெரிக்காவில்தான் தெரிந்ததா? காட்பாடி ஸ்டேஷனுக்கும் வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கும் நடுவில் நாம் அப்படித்தானே வளர்ந்தோம். ஆம்னியின் இன்ஜினும் முன் ஆக்ஸிலுக்குப் பின்னால், முன்சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. (சீட்டுக்குப் பின்னால் இருந்தால்தான் மிட் இன்ஜின் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். இரண்டு ஆக்ஸிலுக்கும் நடுவில் இருக்கிறதா, இருக்கிறது.) பத்து நிமிஷத்துக்கு மேல் பேசினாய், நைனா பேர் ஒரு தடவைகூட வரவில்லை. அன்று என்ன நாள் என்று உனக்குத் தெரியும்.

2019 ஜூலை 19 காலை உனக்கு எப்படி ஞாபகம் இருக்கிறதோ. அமெரிக்காவில் அப்போது 18ஆம் தேதி ராத்திரி. நீ ரத்தினகிரி காவடிக்காக வந்திருந்தாய். ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்குத் தண்ணீர் ரயில் விட ஆரம்பித்து ஒரு வாரம். 50 வேகனில் 25 லட்சம் லிட்டர் நம்ம காட்பாடி வழியாகப் போய்க்கொண்டிருந்தது, நம்ம தெருக் குழாயில் காற்று வந்துகொண்டிருந்தது. வீட்டில் கரண்ட் இல்லை. வேப்பமரத்தடியில் ஆம்னியின் முன்சீட்டில் நாம் இரண்டு பேர். உன் போனை டேஷ்போர்டில் விபூதி டப்பாவின் மேல் சாய்த்து வைத்திருந்தாய். நைனா பின்சீட்டில், கதவை முழுக்கத் தள்ளிவிட்டு, கால் இரண்டும் வெளியே.

கலிபோர்னியாவில் டஸ்டின் என்ற ஊரில், ஆகாயக் கப்பல் நிறுத்துகிற பழைய கொட்டகையில் கார்வெட் சி8 அறிமுக விழா. வண்டி மேடைக்கு வந்ததும் நீ பேச்சை நிறுத்திவிட்டாய். அப்புறம் முகம் சுருங்கியது. "பின்னாடி கமேரோ மாதிரி கீதுடா." நான் ஃபெராரி காப்பி என்றேன். கிளட்ச் மிதி கிடையாது, எட்டு கியரும் தானியங்கிதான் என்றதும் நான் போனை அணைக்கச் சொன்னேன். மேனுவல் கியர் இல்லாமல் ஸ்போர்ட்ஸ் கார் என்ன என்று இன்றைக்கும் கேட்பேன், உன் வண்டியையும் சேர்த்துத்தான். விலை சொல்கிற நேரம் பார்த்து எம்பி தேர்தல் பிரசார ஆட்டோ மைக்கோடு வந்தது. ஏப்ரலில் ரத்தான தேர்தல், ஆகஸ்ட் 5க்குத் தள்ளியிருந்தார்கள். ஆட்டோ தெருவைத் தாண்டும் வரை காத்திருந்து வீடியோவைப் பின்னால் ஓட்டிப் பார்த்தோம். 60,000 டாலருக்குள். அன்றைய மதிப்புக்கு ஏறக்குறைய 41 லட்சம் ரூபாய். உன் முகம் மறுபடி மலர்ந்தது.

நைனா அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"ஆடி மாசத்துல புது வண்டி காட்றானே, எவன் வாங்குவான்?"

அடுத்து, "இன்ஜின் எங்கடா கீது?"

நீ சொன்னாய். 1953லிருந்து கார்வெட்டுக்கு இன்ஜின் முன்னால்தான். ஜோரா அர்க்கஸ்-டன்டாவ் என்கிற இன்ஜினியர் அதை நடுவில் வைக்க வேண்டும் என்று தலைபாடாக அடித்துக்கொண்டார். 1960லேயே அப்படி ஒரு சோதனை வண்டி செய்தும் காட்டினார். கம்பெனி மேலிடம் காதில் வாங்கவில்லை. 1996ல் செத்தும் போனார். இப்போதுதான் வந்திருக்கிறது.

நைனா இறங்கி வந்து, நம்மை எழச் சொல்லி, முன்சீட்டைத் தூக்கிச் சாய்த்தார். அடியில் சாக்குத் துணி, அதற்குக் கீழே அந்த 796 சிசி. ஆயில் கசிந்த இடத்தில் விரலை வைத்துத் துடைத்துக்கொண்டே, "இதுக்குப் போயா அந்தக் கெழவன் அவ்ளோ வருசம் அலைஞ்சான்?" என்றார்.

நாம் சிரித்தோம். அதுவரை நல்ல காலை.

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அண்ணா. அதற்கு அப்புறம் சொன்னதை நீ கேட்கவில்லை, போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். ஏலகிரிக் கொண்டை ஊசி வளைவில் மழை நாளில் காலி வண்டியோடு ஏறினால் பின்சக்கரம் சும்மா சுற்றும், பின்சீட்டில் நாலு பேர் உட்கார்ந்தால் கவ்விப் பிடித்துக்கொண்டு ஏறும் என்றார். "பாரம் எங்க கீதோ அங்கதான்டா புடி." வி8 இன்ஜினைப் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்ததற்கு இதைத் தவிர வேறென்ன காரணம்? முன்னால் இன்ஜின் இருந்தவரை சக்தி ஏற்ற ஏற்றப் பின் டயர் சும்மா சுற்றிப் புகைவதுதான் அதிகமானது. நடுவில் வைத்ததும், இசட்51 என்கிற கூடுதல் பெர்ஃபார்மன்ஸ் பேக்கேஜோடு, மணிக்கு 60 மைல் வேகத்துக்கு 3 விநாடிக்குள் போய்விடுகிறது. ஏலகிரியில் நோயாளியை ஏற்றிப் போய்த் தெரிந்துகொண்ட மனிதர் அதைத்தான் சொன்னார்.

நீ சொன்னது, "உனக்கு இதெல்லாம் புரியாது, உடு நைனா."

இதைப் பொதுவில் எழுதியதற்கு மன்னித்துக்கொள். உன்னை நாலு பேர் முன்னால் குறைத்துக் காட்ட எழுதவில்லை. அவ்வளவு பெரிய வார்த்தையும் இல்லை அது, எல்லா வீட்டிலும் பிள்ளைகள் சொல்வதுதான், நானே தினம் சொன்னவன். ஆனால் நான் சொன்னதை மறுநாள் சாப்பாட்டுத் தட்டில் சரிக்கட்டிவிட முடிந்தது. நீ அடுத்த வாரம் விமானம் ஏறிவிட்டாய். அதுதான் வித்தியாசம். நீ போனதற்குக் குறை சொல்லவில்லை, போக வேண்டியவன் போனாய். நீ போனதால்தான் வீட்டு மாடி எழும்பியது.

அவர் கோபப்படவே இல்லை. சீட்டை இறக்கி, சாக்கைச் சரி செய்து, டீ குடிக்கப் போய்விட்டார். சாயங்காலம் என் போனை வாங்கி அந்த வண்டியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஜோரா" என்ற பேரை என்னிடம் இரண்டு தடவை கேட்டு மனப்பாடம் செய்துகொண்டார். அப்புறம் கல்கத்தாவிலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்களை ஏற்றும்போது, அந்த அரைகுறை வங்காளத்தில், எங்க பெரியவன் ஊர்ல இன்ஜினை நடுவுல வெச்ச கார் வந்துடுச்சு என்று பெருமை அடிப்பார். கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருக்கிற பெரியவர் என்னவோ ஏதோ என்று தலையாட்டுவார். (வெள்ளை போர்டு வண்டியில் வாடகைக்கு ஆள் ஏற்றினார் என்று நான் எங்கும் எழுதவில்லை. தெரிந்தவர்களைக் கொண்டுபோய் விட்டார், அவ்வளவுதான்.)

கடைசி மாசத்துச் செலவு முழுக்க நீ கட்டினாய். அதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன், படிக்கிறவர்களுக்குத் தெரியட்டும். ஒரு ரூபாய் பாக்கி வைக்கவில்லை. வராண்டாவில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவன் கணக்கு எந்த பில்லிலும் ஏறாது, அதை உன்னிடம் கேட்கவும் இல்லை. இதற்கு மேல் அந்த விஷயம் வேண்டாம்.

வண்டிக்கு வருகிறேன். நீ போன் பண்ணும்போதெல்லாம் "ஆம்னியை வித்துடாதடா, வாரத்துக்கு ஒருவாட்டி ஸ்டார்ட் பண்ணு" என்கிறாய். பண்ணினேன். ஞாயிறு காலையில் சோக் இழுத்து, புகை அடங்கும் வரை உட்கார்ந்து, தெருமுனை வரை போய்த் திரும்பி வருவேன். மறுபடி எஃப்சி வருகிறது. தளம் துருப்பிடித்துவிட்டது, டிங்கர் வேலைக்குச் சொல்கிற தொகை வண்டி விலையைத் தாண்டுகிறது. நீ அங்கே புது வண்டி ஓட்டிக்கொண்டிருக்க, உன் ஞாபகத்தை இங்கே நான் வாரா வாரம் ஸ்டார்ட் செய்துகொண்டிருக்க முடியாது. கடுமையாக இருந்தால் இருக்கட்டும், இந்த வரியை எடுக்கப் போவதில்லை.

வாங்குகிறவர் பேரணாம்பட்டுப் பக்கம், சந்தை சந்தையாகப் போய்ப் பாய், தலையணை விற்கிறவர். அவர் வண்டி பார்த்த அழகை நீ பார்த்திருக்க வேண்டும். இன்ஜினைப் பார்க்கவே இல்லை. சாவியைத் திருப்பிப் பிடித்துக் கதவுக்கு அடியில் வரிசையாகத் தட்டிக்கொண்டே வந்தார். சத்தம் மாறுகிற இடத்தில் நின்று, அங்கே கட்டை விரலால் அழுத்தினார், பெயின்ட் உள்ளே போனது. பின்சீட்டைக் கழற்றினால் எத்தனை கட்டுப் பாய் ஏறும் என்று முழம் போட்டார். கடைசியில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, "முன்னாடி ஒண்ணும் இல்லாததால நல்லா தெரியுதுங்க" என்றார். உன் 495 குதிரைசக்திக்கு நீ சொன்ன முதல் வார்த்தையும் அதுதான்.

உன் வண்டி இந்தியாவுக்கு வராது, தெரியும். ஷெவர்லே 2017 கடைசியோடு இங்கே விற்பதை நிறுத்திவிட்டது. முன்பக்கத்தை 40 மில்லிமீட்டர் தூக்குகிற வசதி உண்டு, ஸ்பீட் பிரேக்கர் இருக்கிற 1000 இடம் வரை ஞாபகம் வைத்துத் தானே தூக்கிக்கொள்ளும் என்று சொன்னாயே. காட்பாடியிலிருந்து பாகாயம் போவதற்குள் அந்த ஆயிரம் தீர்ந்துவிடும். முன்னால் ஒரு டிக்கி, பின்னால் ஒரு டிக்கி, நைனாவுக்கு அது ரொம்பப் பிடித்திருக்கும். இரண்டிலும் பேஷன்ட் பெட்டி வைக்கலாமா என்று கேட்டிருப்பார். நன்றாக ஓட்டு. மழையில் கவனம். இன்ஜின் நடுவில் இருக்கிற வண்டி பிடி விட்டால் சொல்லாமல் கொள்ளாமல் சுற்றிவிடும், வழுக்காமல் பிடிக்கிற எலெக்ட்ரானிக்ஸை அணைத்து வைக்காதே. அண்ணியிடம் கேட்டதாகச் சொல்.

இனி காரியம். ஆர்சி நைனா பேரில் இருக்கிறது. முதலில் என் பேருக்கு மாற்றி, அப்புறம்தான் வாங்குகிறவருக்குக் கொடுக்க முடியும். வாரிசுச் சான்றிதழில் நாம் இரண்டு பேர், ஆகவே ஆர்டிஓவுக்கு உன் சம்மதக் கடிதம் வேண்டும். மாதிரியை மெயிலில் அனுப்பியிருக்கிறேன், வக்கீல் பார்த்துக் கொடுத்தது. சிகாகோ இந்தியத் துணைத் தூதரகத்தில் அட்டெஸ்ட் வாங்கிக் கூரியரில் அனுப்பு. ஸ்கேன் செல்லாது என்கிறார்கள். பணத்தில் பாதி உன் பங்கு, இங்கே உன் கணக்கில் போட்டுவிடுவேன். வேண்டாம் என்று பெரிய மனசு காட்டாதே, வாங்கிக்கொள்.

முன்சீட்டுக்கு அடியில் இருந்த ஸ்பானர் பையை எடுத்து வைத்துவிட்டேன். அது வண்டியோடு போகாது. உனக்கும் கிடையாது.

தம்பி